குழாய்க்குள் உட்கார்ந்த தேரை

போன வாரம் நாலு நாள் சென்னையில் இருந்தேன். நவரை அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்ததால் வயலில் தண்ணியை வடித்துவிட்டு, ஒரு சிப்பம் அரிசியோடு மதுராந்தகத்தில் பஸ் ஏறினேன். மகள் அடையாறில் அறை எடுத்துத் தங்கி எம்.இ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். என்ன படிப்பு என்று ஊரில் கேட்டால், "கம்ப்யூட்டர் மாதிரி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் விவரமாகவே சொல்ல முடியும். அதனால்தான் இந்தப் பதிவு.

அவள் படிப்பது ஐஓடி. தமிழில் பொருள்களின் இணையம் என்று எழுதுகிறார்கள். மோட்டார், மீட்டர், மாட்டின் கழுத்துப் பட்டை என்று எதிலும் ஒரு சின்ன சிப்பை வைத்து, அதுவே சேதி அனுப்பும்படி செய்வது. 1999-ல் கெவின் ஆஷ்டன் என்பவர் வைத்த பேராம். எங்க பக்கம் பேருக்கு முன்னாடியே பொருள் வந்து சேர்ந்துடுச்சு. என் பம்புசெட்டில் சிம் போட்ட ஸ்டார்ட்டர் பத்து வருஷமா இருக்கு. வீட்டுல இருந்தபடி மிஸ்டு கால் கொடுத்தா மோட்டார் ஓடும்.

அந்தப் பெட்டியை நான் சொகுசுக்கு வாங்கலை. 1996 ஐப்பசியில், நடுராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் போடப் போன எங்கப்பாவை வரப்பில் கண்ணாடி விரியன் கடிச்சது. விடியுறதுக்குள்ள போயிட்டார். தாத்தாவைப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்த பொண்ணு இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது நான் காரணம் கேட்கலை.

முதல் வருஷம் சென்சார், நெட்வொர்க், டேட்டாவைத் திருடாம காக்குறது என்று பாடங்கள். இரண்டாம் வருஷம் பெரும்பாலும் புராஜெக்ட்தான். கேட் தேர்வில் தகுதி வாங்கியிருந்ததால் மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை வருது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அதைத்தான் இழுத்துப் பிடிக்கிறாள்.

புராஜெக்டுக்கு எங்க வயலையே எடுத்துக்கொண்டாள். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு எளிய முறை சொல்லியிருக்கு. ஒரு அடி நீளக் குழாயில் ஓட்டை போட்டு, பாதியை மண்ணுக்குள் புதைச்சு வைக்கணும். குழாய்க்குள் தண்ணி தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கினால்தான் அடுத்த பாய்ச்சல். பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடக்கூடாது, ரெண்டு இஞ்ச் தண்ணி நிக்கணும். நானும் அப்படித்தான் செய்றேன். ஆனா ஒவ்வொரு தடவையும் குழாயைக் குனிஞ்சு பார்க்க வயலுக்குப் போகணும். மகள் குழாய் வாயில் ஒரு சென்சாரை மாட்டினாள். மேலிருந்து ஒலி அனுப்பி, எதிரொலி திரும்பி வர்ற நேரத்தை வெச்சு தண்ணி எங்கே இருக்குன்னு கணக்குப் போடும். வயலில் செல்போன் டவர் ஒரு கோடுதான் காட்டும். அதனால லோரா என்ற ரேடியோ. சின்னச் சேதியை ரொம்ப தூரத்துக்கு, குறைஞ்ச பேட்டரியில் அனுப்பும். லைசென்ஸும் வேண்டாம். எல்லாச் சாமானும் ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கினது. அறையில் பக்கெட்டில் தண்ணி நிரப்பி ஒரு மாசம் சோதனை. துளி பிசகலை.

மாசியில் வயலில் வெச்சோம். தினமும் என் போனுக்கு "தண்ணி போதும்"னு சேதி வரும். நானும் நம்பி மூணு நாள் அந்தப் பக்கமே போகலை. பயிர் பூவெடுக்கிற நேரம் வேற. நாலாம் நாள் ஆடு இறங்கிடுச்சுன்னு பக்கத்து நிலத்துக்காரர் கூப்பிட, போய்ப் பார்த்தா மேட்டு ஓரம் வெடிச்சுக் கிடக்கு. குழாயைக் கழட்டினேன். உள்ளே சுவரில் ஒட்டிக்கிட்டு ஒரு தேரை, குளுகுளுன்னு உட்கார்ந்திருக்கு. சென்சார் அதன் முதுகைத் தண்ணின்னு நினைச்சு மூணு நாளா எனக்குச் சேதி சொல்லியிருக்கு!

கோபத்தில் போன் போட்டுக் கத்தினேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டதும் குரலைத் தணிச்சு, "நிக்கிற தண்ணி தினம் கொஞ்சமாவது இறங்கும்மா. வெயில் குடிக்கும், மண்ணு குடிக்கும். மூணு நாளா ஒரே அளவு காட்டினா அது பொய்னு உன் மெஷினுக்குத் தெரியாதா?"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "இன்னொரு தடவை சொல்லுப்பா, எழுதிக்கிறேன்" என்றாள்.

போன வாரம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போனாள். 2010-ல் திறந்தது, உள்ளே போகக் காசு கிடையாது. அங்கே உட்கார்ந்து தன் அறிக்கையைத் திறந்து காட்டினாள். குழாய்க்கு வலை மூடி போட்டாச்சு. புரோகிராமில் ஒரு விதியும் சேர்த்தாச்சு: ஒரு நாளில் அளவு இறங்காமல் இருந்தால் "தண்ணி போதும்" என்று சொல்லாதே, "வந்து பார்" என்று சொல். அதுக்குக் கீழே நான் போனில் எடுத்து அனுப்பின தேரை படம். அவளோட புரொபசர், "இந்தப் பக்கத்தை எடுத்துடாதே"ன்னாராம்.

ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைச்சிருக்கு, காருக்கான சென்சார் செய்ற இடம். "அங்கே வயல் ஏதும்மா?"ன்னேன். "காருக்குள்ளயும் ஏதாவது தேரை உட்காரும்பா"ன்னு சிரிச்சாள். எனக்கும் சிரிப்புதான், உள்ளே கொஞ்சம் கனமாவும் இருந்தது.

மேட்டு ஓரத்தில் கொஞ்சம் பதர் விழும். அதைப் படிப்புச் செலவுன்னு எழுதிக்கிட்டேன். உங்க வீட்டுப் பிள்ளைங்க இந்தப் படிப்புல இருந்தா, பக்கெட் சோதனை முடிஞ்சதும் ஒரு போகம் ஏதாவது வயலுக்கு அனுப்பி வையுங்க. எங்க வயலுக்கும் வரலாம். சாப்பாடும் தேரையும் இலவசம்.