ஒண்டிக்கடையில் நின்றபடி ஓடும் வண்டிகள்

மே மாதத்து ஞாயிறு, காலை பதினொரு மணி. கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கிற சமயம். ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றிச் சேலத்து வண்டிகள், ஈரோட்டு வண்டிகள், இடையிடையே கர்நாடக எண் பலகைகள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முக்கி ஏறி வந்தவை. ஏரிப் பக்கம் போகிற வரிசை அசையவில்லை. ஆனாலும் ஒருவரும் எஞ்சினை அணைக்கவில்லை. இதோ நகர்ந்துவிடும் என்ற நம்பிக்கை, போதாததற்கு ஏசி.

ஓரமாக நிற்கும் வெள்ளை வேனின் கதவு திறக்கிறது. முதலில் ஒரு பெரியவர் இறங்குகிறார். முழுக்கைச் சட்டை, கழுத்தில் மஃப்ளர். இரண்டு கையையும் விரித்து நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறார்.

"காத்துன்னா இதுதான்டா காத்து!"

இதைச் சொன்னது பேரனிடம். அவர் கணுக்காலை ஒட்டி வேனின் புகைக்குழாய் படபடத்துக்கொண்டிருக்கிறது. பையனுக்கு நாலு வயதிருக்கும். அவன் மூக்கு அந்தக் குழாய்க்குத் தாத்தாவின் மூக்கைவிட இரண்டடி பக்கம். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள். உடல் எடைக்கு அதிகக் காற்றை உள்ளே வாங்குகிறவர்கள். 2020 ஏப்ரலிலிருந்து விற்கிற பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்க வடிகட்டி உண்டு. இந்த வேன் அதற்கு மூத்தது என்பதைப் புகையின் நிறமே சொல்லிவிடுகிறது.

எதிரே சோளம் சுடுகிற அம்மா. தள்ளுவண்டியில் இரும்புச் சட்டி, அதில் கரி. விசிறியை நாலு வீசு வீசினால் பொறி பறக்கிறது. உடனே முகத்தை இடப்பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். காற்று திசை மாறினால் வலப்பக்கம். பழகிய திருப்பல், பார்க்காமலே நடக்கிறது. எலுமிச்சைத் துண்டை மிளகாய்த்தூளில் தோய்த்துச் சோளத்தில் தேய்க்கும் கை மட்டும் நிற்பதில்லை.

"அக்கா, சீக்கிரம்க்கா. வரிசை நகருது."

"இருங்க கண்ணு, வேகட்டும். எங்க நகருது?"

கண்ணை எரிக்கிற புகைக்கு இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பெரிய தூசியையும் மூக்கு பார்த்துக்கொள்ளும். முடியில் சிக்கும், சளியில் ஒட்டும், தும்மினால் வெளியே போகும். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழுமான துகள் அப்படியில்லை. தலைமுடிப் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் உட்கார்ந்து அழற்சியைக் கிளப்பும். அதிலும் மிகச் சிறியவை ரத்தத்தில் ஏறிவிடும். இழுப்பும் இருமலும் மட்டுமல்லாமல் மாரடைப்பும் பக்கவாதமும் இந்தக் கணக்கில் வருவது அதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-ல் வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலையும் அதே வகுப்புதான்.

போக்குவரத்துக் காவலர் முகக்கவசம் வைத்திருக்கிறார், ஆனால் அது தாடையில் கிடக்கிறது. விசில் ஊதவேண்டுமே! ஊதுகிறார், கை காட்டுகிறார், கவசத்தை ஏற்றுகிறார், மறுபடி இறக்குகிறார். கொஞ்ச நேரத்தில் ஏற்றுவதை விட்டுவிட்டார்.

ஒரு காரின் முன் இருக்கையில் நிறைமாதத்துப் பெண். கண்ணாடியை இறக்கி வைத்து யூகலிப்டஸ் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. கர்ப்பகாலத்தில் சுவாசித்த காற்றில் இந்த நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைந்திருந்தது. நாலு கிராம்தானே என்று தோன்றும். ஆனால் அது ஒவ்வொரு 10 மைக்ரோகிராமுக்கும். இந்தத் துகளின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்பு 40. 'வரம்புக்குள்தான் இருக்கிறோம்' என்று சொல்லிக்கொள்ளத் தாராளமாகவே இடம்விட்டிருக்கிறார்கள்.

பனிக்காலத்தில் விடியற்காலை இங்குள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும். சேலத்தின் மேல் பழுப்பாக ஒரு படலம் படிந்திருக்கும். இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழே தங்கிவிட, அதற்கு மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. வண்டிப்புகை, குப்பை எரிக்கிற புகை எல்லாம் அதற்கடியில் தங்கி, வெயில் ஏறிய பிறகே கலையும். அந்தக் காற்றுக்குத் தப்பித்துத்தான் இந்தக் கூட்டம் மேலே வருகிறது. வருகிறபோது அதில் ஒரு பங்கை டேங்கில் நிரப்பிக்கொண்டே வருகிறது.

பெரியவரின் வேன் மாலையில் இறங்கிவிடும். சோளக்கார அம்மாவும் விசில்காரரும் அடுத்த வாரக் கூட்டத்துக்கும் இங்கேதான் நிற்பார்கள். இந்தச் சந்திப்பின் காற்றை அதிக நேரம் குடிப்பவர்கள் அவர்கள்.

நீங்களும் ஏற்காடு போவீர்கள். ஒண்டிக்கடையில் வரிசை நின்றதும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஏசி எதற்கு?