பெட்டி மூடியில் ஒரு விமானம்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையில் மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கிப்போகின்றன. வரப்பு கரைந்து, பாத்தி கலங்கி, எவருடைய அளம் எங்கே முடிந்தது என்று சொல்லவொண்ணாதபடி நிலமெல்லாம் ஒரே சேறாகக் கிடக்கும். தை பிறந்து மழை ஓய்ந்ததும், அளத்துத் தொழிலாளர் ஆணும் பெண்ணுமாக அந்தச் சேற்றில் இறங்கி, தேங்கிய நீரை வடித்து, வண்டலை வழித்து, வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்தி, வரப்பெடுத்துக் கட்டிப் பழைய பாத்திகளைப் பழைய இடத்திலேயே எழுப்பிவிடுகிறார்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. அத்தனை பழமை வாய்ந்த ஊரில், ஓராண்டுக்கு மேல் வயதான பாத்தி ஒன்றுகூட இல்லை என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஆச்சரியம் உண்டாகிறது.

அந்த ஆச்சரியம் என் உள்ளத்தில் ஒரு விமானத்தின் ஞாபகத்தோடு பிணைந்து கிடக்கிறது. என் தாய்மாமன் இவ்வூரில் தச்சராக இருந்தார். பக்கிங்காம் கால்வாய் வழியாகச் சென்னைக்கு உப்பேற்றிச் சென்ற மரப் படகுகளின் பழுது பார்ப்பதும், பலகை இடுக்குகளை அடைத்து அவற்றுக்குக் கலப்பத்துப் பார்ப்பதுமே அவருடைய ஜீவனம். கோடை விடுமுறைக்கு நான் வரும்போதெல்லாம் கால்வாய்க் கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் அமர்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருடைய ஆயுதப் பெட்டியைத் திறந்தால், மூடியின் உட்புறத்தில், சாமி படம் ஒட்டவேண்டிய இடத்தில், ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கத்தரித்தெடுத்த விமானப் படம் ஒன்று ஒட்டியிருக்கும். நீண்டு கூர்ந்த மூக்கும், மெலிந்த சிறகும், கறுத்த மேனியுமாக அது பாயக் காத்திருக்கும் பறவை போல் தோன்றும். அவர் இளைஞராயிருந்தபோது உப்பு இலாகா அதிகாரி ஒருவரின் பங்களாவில் கதவு பொருத்தப் போன இடத்தில் கிடைத்த படமாம். “தகரம்னு நெனைக்காதே மாப்ளே, அத்தனையும் மரம். நம்ம கை வேலைதான் மேலே பறக்குது” என்பார். அவருக்கு அதன் பெயர் தெரியாது. எனக்கும் வெகுகாலம் தெரியாது. பின்னாளில்தான் அது ‘பிளாக் மேஜிக்’ என்று அறிந்தேன்.

1934-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியபோது, அவ்வூர் மிட்டாய் உற்பத்தியாளரான மக்பெர்சன் ராபர்ட்சன் என்பவர், இங்கிலாந்திலிருந்து அங்கே முதலில் பறந்து வருபவருக்கு 10,000 பவுன் பரிசளிப்பதாக அறிவித்தார். பதினோராயிரம் மைலுக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தைப் போட்டிக்குரிய வேகத்தில் கடக்கவல்ல விமானம் தங்கள் தேசத்தில் இல்லையே என்று கவலைப்பட்ட டி ஹாவிலண்ட் கம்பெனியார், பிப்ரவரி மாதத்துக்குள் கேட்பவர்க்கு ஒன்று 5,000 பவுன் விலையில், நஷ்டமானாலும் சரி என்று, அதற்கென்றே புதிதாக ஒன்றைச் செய்து தர முன்வந்தனர். மூவர் கேட்டனர், மூன்று ‘காமெட்’ விமானங்கள் உருவாயின. அவற்றுள் முதலாவது முதன்முதலாக வானேறியது செப்டம்பர் 8-ஆம் தேதி. பந்தயத்துக்கோ ஆறு வாரமே மீதமிருந்தது.

என் மாமன் சொன்னது மெய்தான். இரண்டங்குல அகலமுள்ள ஸ்புரூஸ் மரப்பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் மறுக்கும் சாய்வாக ஒட்டி, அந்த மெல்லிய மரத்தோலே பாரத்தைத் தாங்கும்படி அதன் சிறகைச் சமைத்திருந்தனர். மூக்கிலும் உடலிலும் எரிபொருள் தொட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டமையால், ஓட்டுபவர் இருவரும் வெகு பின்னால் ஒருவர் பின் ஒருவராக ஒடுங்கி உட்கார வேண்டும். சக்கரங்களைக் கையாலேயே சுழற்றி உள்ளே மடக்க வேண்டும். விசிறியின் அலகுகளைக் கிளம்பும் நிலைக்குக் கொணர, மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பினால் அதனுள் காற்றடைப்பார்கள். வானில் வேகம் பிடித்ததும் காற்று வெளியேறி, அலகுகள் விரைவுக்குரிய கோணத்துக்குத் திரும்பிவிடும். தரையிறங்கி மறுபடி காற்றடித்தாலன்றி அவை பழைய நிலைக்கு வாரா. ஒரே ஒரு பந்தயத்துக்கென்று, வேறெந்தச் சௌகரியத்தையும் கருதாமல், மனிதர் தங்கள் சாமர்த்தியம் முழுவதையும் ஒருமுகப்படுத்திச் செய்த பொருள் அது.

அக்டோபர் 20-ஆம் தேதி விடியலில் மில்டன்ஹால் விமானத் தளத்திலிருந்து போட்டி தொடங்கியது. கறுப்பும் பொன்னிறமும் பூண்ட பிளாக் மேஜிக்கைச் செலுத்தியவர்கள் ஜிம் மொலிசனும் அவருடைய மனைவி ஏமி ஜான்சனும்; 1930-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியே பறந்த முதற் பெண்மணி என்று உலகப் புகழ் பெற்றிருந்தவர் அந்த அம்மையார். எங்கும் இறங்காமல் பாக்தாத் சேர்ந்து, அங்கிருந்து கராச்சியை எட்டியபோது, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே அதுவரை எவரும் காட்டாத வேகத்தை அவர்கள் நிலைநாட்டியிருந்தனர். அதன்பின் அதிர்ஷ்டம் திரும்பியது. கராச்சியிலிருந்து கிளம்பிய விமானம் இருமுறை அங்கேயே திரும்ப நேர்ந்தது. பின்பு அலகாபாத்துக்குப் போகும் வழியைத் தவறவிட்டு ஜபல்பூரில் இறங்கினார்கள். அங்கே விமானத்துக்குரிய உயர்ந்த பெட்ரோல் இல்லை. உள்ளூர் பஸ் கம்பெனியின் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு எழுந்தார்கள். பந்தயத்துக்கென்றே நுணுக்கமாக அமைத்த எஞ்சின் அந்த ஆகாரத்தைத் தாங்குமா? ஓர் எஞ்சின் பழுதாகி நிற்க, மற்றதன் பலத்திலேயே அலகாபாத் வந்து சேர்ந்து, போட்டியிலிருந்து விலகினர். அதன் சகோதர விமானமாகிய செந்நிற ‘குரோவ்னர் ஹவுஸ்’ 71 மணி நேரத்தில் மெல்போர்னை அடைந்து வெற்றி கொண்டது.

தோற்ற விமானம் போர்ச்சுகல் தேசத்துக்கு விற்கப்பட்டு, அங்கே ‘சலசார்’ என்று வேறு பெயர் பூண்டு, சில காலம் பறந்தபின் உலகின் கண்ணிலிருந்து மறைந்தது. 1979-இல் அந்நாட்டிலேயே சிதைந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. இங்கிலாந்துக்கு மீட்டுக் கொணரப்பட்ட அதைப் பல பத்தாண்டுகளாகப் பல கைகள் புதுப்பிக்க முயன்று வந்திருக்கின்றன. டார்பி நகரத்தருகே ஒரு விமானக் கொட்டகையில் சிரத்தை மிக்க அன்பர் சிலர் அதனை மறுபடி வானேற்றும் சங்கற்பத்தோடு உழைக்கிறார்கள். பந்தயத்துக்கு அதைச் சமைக்க ஓராண்டுகூடப் பிடிக்கவில்லை. புதுப்பிக்கவோ ஒரு தலைமுறையின் ஆயுள் வேண்டியிருக்கிறது.

கேட்பாரற்றுப் போகும் பொருளின் கதி என்னவென்று அறிய நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் உணவுவிடுதி நடத்திய ஜியாகோமோ டி’ஏஞ்சலிஸ் என்பவர், பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் உள்ளம் கிளர்ந்து, தாமே வரைந்த மாதிரிப்படி சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்து, 1910-இல் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ஆசியக் கண்டத்தின் முதற் பறப்புகளுள் அது ஒன்று. மெல்போர்ன் பந்தயத்துக்குப் பரிசளித்தவரைப்போலவே இவரும் மிட்டாய் செய்வதில் வல்லவர். இனிப்பு விற்ற இருவர் வானத்தை நாடியிருக்கிறார்கள். ஆனால் சென்னைத் தச்சரும் கம்மியரும் கூடிச் செய்த அந்தச் சிறகு இன்று பல்லாவரம் போய்த் தேடுபவர் கண்ணுக்குப் படாது. அதன் கதை மட்டும் எஞ்சியிருக்கிறது, கதைக்குச் சிறகில்லை.

ஆகவே பிளாக் மேஜிக் பிழைத்துக் கிடப்பதே பாக்கியம் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அதன் பணி முற்றுப்பெறும் நாளில் ஒரு கடினமான கேள்வி எழும். அதை மறுபடி பறக்க விடுவதா, கண்ணாடிச் சுவருக்குள் வைத்துக் காப்பதா? காக்க வேண்டும் என்பாரின் வாதம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. உலகில் செய்யப்பட்டவையே சில. ஒன்று விழுந்து நொறுங்கினால் ஈடு ஏது? குரோவ்னர் ஹவுஸ் பெருமுயற்சியால் 1987-இல் மீண்டும் பறந்தது. ஆனால் 2002-இல் தரையிறங்கும்போது அதன் சக்கரக்கால் பழுதுற, அடுத்த முறை அது வானேறியது 2014-இல்தான். ஒரு நிமிஷத்துத் தவறுக்குப் பன்னிரண்டு வருஷத்துத் தண்டனை! மேலும், அழுகிய பட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் பறப்பது அலகாபாத்துக்கு வந்த அந்த விமானந்தானா என்றும் அவர்கள் கேட்கிறார்கள்.

நெடுநாள் இந்தக் கட்சியிலேயே நானும் இருந்தேன். மாமன் காலமான பிறகு அவருடைய ஆயுதப் பெட்டி என்னிடம் வந்தது. அதை எண்ணெயிட்டுத் துடைத்து, வருபவர்க்கெல்லாம் மூடியைத் திறந்து படத்தைக் காட்டி, மீண்டும் மூடி வைப்பேன். அப்படியிருந்தும், உப்புக் காற்றில் பிறந்த அந்த உளிகளின்மேல் ஆண்டுக்காண்டு துரு ஏறியது. மாமன் கையில் இருந்தவரை அவற்றில் துருவைக் கண்டதாக எனக்கு நினைவில்லை. தினந்தோறும் மரத்தில் ஓடியும் கல்லில் தீட்டப்பெற்றும் தேய்ந்துகொண்டே அவை பளபளத்தன; தேயாமல் காப்பாற்ற நினைத்த என்னிடம் வந்துதான் கெட்டன.

உளிக்குப் பொருந்துவது விமானத்துக்கும் பொருந்தும். ஜே. ஆர். டி. டாட்டா 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பறப்பை, சரியாக ஐம்பதாண்டு கழித்து, தமது எழுபத்தெட்டாம் வயதில், டி ஹாவிலண்டாரின் பழைய ‘லெபர்டு மாத்’ விமானம் ஒன்றைத் தாமே செலுத்தி மீண்டும் நிகழ்த்திக் காட்டினார். அந்த முதியவருக்கும் அந்த முதிய விமானத்துக்கும் ஆபத்து இருக்கவே செய்தது. எனினும் அதைப் பறக்கத்தக்க நிலைக்குக் கொணர்வதற்காக, எஞ்சினின் சப்தத்தைக் கேட்டே அதன் உடல்நலம் அறியக்கூடியவரும், சிறகைத் தட்டிப் பார்த்தே உள்மரத்தின் உறுதி கூறக்கூடியவரும் ஓரிடத்தில் கூட வேண்டியிருந்திருக்கும். காட்சிசாலைக்குத் தூசி துடைப்பவர் போதும். வானத்துக்கு அறிந்தவர் வேண்டும். பறக்கவேண்டிய பொருள் இருக்குமட்டும் அதை அறிந்தவரும் பிறந்துகொண்டே இருப்பர். பறப்பு நின்றுபோனால், மரம் பத்திரமாயிருந்தும் அந்த அறிவு அழிந்துபோகும். அழிந்த மரத்தை மறுபடி சமைக்கலாம். அழிந்த அறிவை எதைக்கொண்டு சமைப்பது?

இதற்கு மரக்காணத்துப் பாத்திகளைவிடச் சிறந்த சாட்சியம் எனக்குத் தெரியாது. சென்ற ஆண்டின் மண்ணில் பெரும்பகுதி மழையோடு போயிற்று, வரப்பு புதிது, விளையும் உப்பும் புதிது. ஆயினும் “எங்க தாத்தா காலத்துப் பாத்தி” என்று அளத்துக்காரர் சுட்டிக்காட்டும்போது பொய் சொல்வதாக எவரும் எண்ணுவதில்லை. எவ்வளவு ஈரத்தில் மிதிக்கத் தொடங்குவது, எந்தப் பதத்தில் நிறுத்துவது, எத்தனை நாள் வெயிலில் நீரைப் பழுக்கவிட்டுப் பாத்திக்குப் பாய்ச்சுவது என்ற ஞானம் தாயின் காலிலிருந்து மகளின் காலுக்கு இறங்கி வந்திருக்கிறது; பாத்தியின் பழமை அந்தக் கால்களில் இருக்கிறது. இப்போது அவர்களுடைய பிள்ளைகள் பலர் வேறு வேலை தேடி வெளியூர் போகிறார்கள். வெயிலிலும் உப்பிலும் பாதம் வெடிக்கும் தொழிலிலிருந்து அவர்கள் விடுபட விரும்புவதை யார் குறை கூற முடியும்? ஆனால் அவர்களுள் கடைசி ஒருவர் கரையேறும் நாளில், தலைமுறை தலைமுறையாக ஆண்டுதோறும் பிறந்த நிலம் மறு மழைக்குப்பின் பிறவாமலே போய்விடும் என்ற பயம் எனக்கு உண்டு. டார்பிக் கொட்டகையில் நடப்பதும் இதே வேலைதான். மழை கரைத்ததை அவர்கள் மறுபடி மிதித்து எழுப்புகிறார்கள். பாத்தி எழுந்தபின் அதில் உப்பு விளைய வேண்டாமா? ஆகவே அது பறக்கட்டும் என்பதே இன்று என் கட்சி. பழுதானால் பழுது பார்க்கக் கற்ற கைகள் அதன் அருகே இருக்கட்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பெட்டியை மட்டும் நான் பூட்டி வைத்திருப்பது தர்மமாகாது என்று தோன்றியது. மரக்காணத்துக் கரையில் இப்போது பைபர் படகுகளே மிகுதி. கலப்பத்துப் பார்க்க ஆளும் இல்லை, படகும் இல்லை. திண்டிவனத்துப் பக்கம் கோயில் தேர்களுக்கு வேலை செய்யும் இளந்தச்சர் ஒருவரைத் தேடிப் பிடித்து, சென்ற மாசியில் பெட்டியை அவரிடம் கொண்டுபோனேன். படத்தை நான் உரித்தெடுக்கவில்லை. அவர் மூடியைத் திறந்தவுடன் அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்து, “இது மரமாங்க ஐயா?” என்று கேட்டார். ஆமென்றேன். பிறகு ஓர் உளியை எடுத்துக் கட்டைவிரலை அதன் வாயில் மெல்ல ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சாணைக்கல்லில் நீர் தெளித்து, அங்கேயே அமர்ந்து தீட்டத் தொடங்கினார். துரு செந்நீராகக் கரைந்து ஓடியது. அந்த உளி இனித் தேயும். அது தேயும் சப்தத்தைச் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, நான் ஊருக்கு பஸ் ஏறினேன்.