ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு லாரிகள் திரும்பும் சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு லேத் பட்டறை. மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். பக்கத்து ரோலிங் மில்களுக்கு புஷ்ஷும் ஷாஃப்டும் கடைந்து கொடுப்பது அங்கே அன்றாட வேலை. அன்று காலை மட்டும் மேஜையைத் துடைத்து, துவைத்த பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் ஓர் அர்ரிஃப்ளெக்ஸ் 2சி கேமராவை வைத்திருந்தோம்.

கேமராவுக்குச் சொந்தக்காரர் என்னோடு வந்த அண்ணன். எழுபதைத் தாண்டியவர். அவுட்டோர் யூனிட்டில் அட்டெண்டராகச் சேர்ந்து, லோடராகி, ஃபோகஸ் புல்லராக முப்பது வருடம் ஓடியவர். சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறியதிலிருந்து பையை மடியிலேயே வைத்திருந்தார். பொன்னேரியில் கூட்டம் இறங்கி இடம் காலியான பிறகும் கீழே வைக்கவில்லை. "ரயில் அதிர்வு ஆகாது தம்பி. மனுஷன் தொடை வாங்கிக்கும், பலகை வாங்கிக்காது" என்றார்.

கேமராவில் கோளாறு இதுதான். ஐபீஸ் வழியாகப் பார்த்து ஃபோகஸ் வைத்தால் படம் சரியாக விழுகிறது. டேப் பிடித்து அளந்து, லென்சில் பொறித்திருக்கும் அடிக்கணக்கில் வைத்தால் மங்கிவிடுகிறது. வைட் லென்ஸ் போட்டு இன்ஃபினிட்டியில் வைத்தால் தூரத்துப் பனைமரம் பஞ்சுபோல் ஆகிறது. நடிகர் நடந்துவரும்போது ஃபோகஸ் புல்லருக்கு ஐபீஸ் கிடையாது. தரையில் போட்ட சாக்பீஸ் கோடும், லென்சில் உள்ள எண்ணும்தான் அவருக்குக் கண். அந்த எண் பொய் சொன்னால் அவர் கை நிற்கும் இடமெல்லாம் தப்பு.

லென்ஸ் வந்து உட்காரும் வளையத்திலிருந்து ஃபிலிம் ஓடும் தளம் வரை இந்தக் கேமராவில் 52.00 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வருடக்கணக்கில் லென்ஸ் மாற்றி மாற்றி வளையம் தேய்கிறது. புள்ளிக்கு அப்புறம் இருக்கும் அந்த இரண்டு பூஜ்யங்களில்தான் படத்தின் கூர்மை இருக்கிறது.

பட்டறைக்காரருக்கு வீட்டில் தெலுங்கு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் இது சகஜம். சினிமா கேமராவை அவர் தொட்டது அன்றுதான் முதல்தடவை. மரியாதையாகக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார். லென்சைக் கழற்றியதும் உள்ளே தெரிந்த கண்ணாடி ஷட்டரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஷட்டர் திறந்து ஃபிலிமில் ஒளி விழும். அது மூடும்போது அதன்மேல் உள்ள கண்ணாடி அதே ஒளியை ஐபீசுக்குத் திருப்பும். லென்ஸ் பார்ப்பதையே கேமராமேனும் பார்க்கலாம். 1937-இல் அர்ரி நிறுவனம் இந்த ஏற்பாட்டோடு முதல் கேமராவைக் கொண்டுவந்தது. இந்த 2சி 1964-இல் வந்த மாதிரி.

ஷட்டரைக் கையால் சுற்றி ஒதுக்கி, ஃபிலிம் ஓடும் இடத்தில் கிரைண்ட் செய்த சின்ன இரும்புத் துண்டை வைத்து, டெப்த் மைக்ரோமீட்டரை வளையத்தின்மேல் நிறுத்தி அளந்தார். மூன்று தடவை, மூன்று இடத்தில். 51.96.

"நாலே நாலுண்ணா. மில்லு வேலைல இதைக் கணக்குலயே எடுக்க மாட்டோம். தலைமுடியைவிட மெல்லிசு இது" என்றார்.

"அந்த நாலுதான்பா என் வேலைக்கு உலை வெச்சுக்கிட்டிருந்திச்சு" என்றார் அண்ணன்.

இங்கே வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். கேமரா என்றதும் நாம் கலையின் பக்கமே பார்க்கிறோம். இதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பல்சக்கரம், கேம், ஸ்பிரிங், பேரிங். ஃபிலிமை இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். நிற்கும் நேரத்தில்தான் ஒளி விழலாம். நொடிக்கு 24 தடவை இது நடக்கிறது. லூமியே சகோதரர்கள் 1895-இல் இந்த இழுப்புக்கு வழி கண்டது தையல் மெஷினைப் பார்த்துத்தான். ஓடும் 2சி-யின் சத்தம்கூடத் தையல் மெஷின் சத்தம்தான். அந்தச் சத்தத்தோடு வசனத்தைப் பதிய முடியாது. தமிழ் நடிகர்கள் பல பத்தாண்டுகள் தங்கள் வசனத்தை டப்பிங் தியேட்டரில் மறுபடி பேசியதில் இந்தச் சின்ன மெஷினுக்கும் பங்கு உண்டு.

ஃபிலிம் நிற்கும் இடம் அசையாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் இரட்டை வேடப் படங்கள் சாட்சி. 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரண்டு வேடம். அந்தக் காலத்து மாஸ்க் ஷாட்டில் லென்சில் பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறைப்பை மாற்றி அடுத்த வேடத்தை எடுப்பார்கள். ஒரே ஃபிரேம் இரண்டு தடவையும் அதே இடத்தில் நிற்காவிட்டால் நடுவில் கோடு ஆடும். திரையில் இருவர் எதிரெதிரே நின்று முறைத்துக்கொள்ள, கேமராவுக்குள் ஒரு பின் துளையில் நெருடாமல் போய் உட்கார வேண்டியிருந்தது. அந்தப் பின்னைக் கடைந்தவனும் ஒரு டர்னர்தான்.

தேய்ந்த அந்த நாலை ஈடுகட்ட, பட்டறைக்காரர் 0.05 மில்லிமீட்டர் பித்தளை ஷிம் தகட்டில் வளையம் வெட்டினார். கண்ணாடித் துண்டின்மேல் நைஸ் எமரித் தாளை ஒட்டி, எண்ணெய் விட்டு, வளையத்தை எட்டு வடிவத்தில் தேய்த்தார். நாலு தேய்ப்புக்கு ஒருமுறை அளப்பு. ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் வளையம் சாய்ந்துவிடும். படத்தின் இடது பக்கம் கூர்மையாகவும் வலது பக்கம் மங்கலாகவும் விழும். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இடையில் மில்லிலிருந்து ஒருவர் புஷ் கேட்டு வந்து நின்றார். "மத்தியானம் வா" என்று அனுப்பிவிட்டார். வருமானம் தரும் வேலையை இதற்காக அவர் தள்ளிவைத்ததை நான் மறக்க மாட்டேன்.

ஷிம்மைப் போட்டு மாட்டியதும் 52.00.

அடுத்தது லோடிங். அண்ணனிடம் 100 அடி கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இருந்தது, கோடாக் டபுள்-எக்ஸ். ஏதோ படத்தில் மிஞ்சிய ஷார்ட் எண்ட். தேதி முடிந்து பல வருடமானாலும் வீட்டு ஃபிரிட்ஜில், மனைவியின் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. கறுப்புப் பைக்குள் மேகசினையும் ஃபிலிம் கேனையும் வைத்து ஜிப்பை மூடினார். இரண்டு சட்டைக் கை வழியாகக் கைகளை நுழைத்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

"பைக்குள்ளதான் இருட்டாச்சே, நீங்க ஏண்ணே கண்ணை மூடுறீங்க?"

"கண்ணு திறந்திருந்தா கவனம் அது பின்னாடி போயிடும் தம்பி. விரல் பார்க்காது."

கேன் திறக்கும் சத்தம். துளைகள் பல்சக்கரத்தில் ஏறும் சின்ன சொடுக்கு. மேகசினுக்கு வெளியே நிற்கும் லூப்பின் அளவை நகத்தால் துளை எண்ணிப் பார்த்தார். லூப் குறைந்தால் ஃபிலிம் கிழியும், கூடினால் உள்ளே உரசிக் கீறல் விழும். டார்க் ரூமில் எமல்ஷன் எந்தப் பக்கம் என்று தெரிய, ஃபிலிம் முனையை ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பார்களாம். ஒட்டும் பக்கம் எமல்ஷன். கதாநாயகியின் கால்ஷீட், செட் செலவு, நூறு பேர் சாப்பாடு எல்லாம் சேர்ந்த ஒரு நாள் உழைப்பு, மாலையில் இவர் விரல்களுக்குள் இருட்டில் வந்து சேரும். ஒரு நொடி வெளிச்சம் புகுந்தால் போச்சு. முப்பது வருடத்தில் ஒரு கேன்கூட அவர் கெடுத்ததில்லை. அதற்காக எந்தப் படத்தின் டைட்டிலிலும் தனியாகப் பெயர் வந்ததில்லை. பேட்டா வந்தது.

இந்த அறிவு தமிழில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? மூத்தவர் கையைப் பார்த்து இளையவர் கற்றது மட்டுமே உண்டு. ஃபிலிம் நின்றபோது அந்தச் சங்கிலி அறுந்தது. 2011-க்குள் பெரிய கம்பெனிகள் புதிய ஃபிலிம் கேமரா செய்வதை நிறுத்தின. 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டது. சினிமா எடுக்கும் ஃபிலிமை ஃபியூஜி கைவிட்டது. இந்துநகரில் 'இந்து' என்ற பெயரில் நாமே ஃபிலிம் செய்த ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1967-இல் உற்பத்தி தொடங்கிய அந்தப் பெரிய ஆலை, இன்று ஓய்ந்து கிடக்கிறது. 2017 அக்டோபரில் சென்னை பிரசாத் லேபில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் ஒரு வாரம் பயிலரங்கு நடத்திப் பழைய ஃபிலிமைத் தொட்டு, ஒட்டி, சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தது. நல்ல காரியம். அண்ணனைப் போன்றவர்கள் இன்னும் இருக்கும்போதே, அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, தரமணி திரைப்பட நிறுவனத்தில் வாரம் ஒருநாள் உட்காரவைத்தால் என்ன? இதை நான் கோரிக்கையாகவே எழுதுகிறேன்.

பட்டறைக்காரரே லேத்தில் நிற்பதைப் படம் பிடிக்க முடிவு செய்தோம். மேலே ட்யூப்லைட். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. 24 ஃபிரேமில் ஓட்டினால் வெளிச்சம் துடிப்பதுபோல் தெரியும் என்று அண்ணன் டேக்கோமீட்டர் முள்ளை 25-இல் நிறுத்தினார். ஓர் அடிக்கு 16 ஃபிரேம். 100 அடிக்கு மொத்தம் 64 விநாடி. சுவிட்சை என்னிடம் கொடுத்தார்.

இரும்பிலிருந்து சுருள் சுருளாகத் துகள் எழும்பியது. கேமராவின் கிர்ர் சத்தம் கன்னத்தில் அதிர்ந்தது. ஒவ்வொரு நொடியும் ஒன்றரை அடி போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தபோது பார்வையே மாறிவிட்டது. போனில் ஒரு மணி நேரம் எடுத்திருப்பேன், இப்படி ஒரு நிமிடம் பார்த்திருக்க மாட்டேன். இடையில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் ஐபீசிலிருந்து தலையை எடுத்து அவரைப் பார்த்துவிட்டேன்.

"கண்ணை எடுக்காதே!" அண்ணன் குரல் அவ்வளவு உயர்ந்து அதற்குமுன் நான் கேட்டதில்லை. கண் விலகினால் ஐபீஸ் வழியே வெளிச்சம் உள்ளே போய் ஃபிலிமில் படியும்.

முதல் 15 அடியை மட்டும் அன்றிரவு அண்ணன் வீட்டுக் குளியலறையில் வாஷ் செய்தோம். ஜன்னலுக்குப் போர்வை. டி-76 கரைசலை அவரே எடை போட்டுக் கலந்தார்: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. அப்புறம் ஹைப்போ, ஓடும் தண்ணீர். துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். 240 ஃபிரேம். நான் தலையை எடுத்த இடத்தில் ஒன்பது ஃபிரேம் முழுக் கறுப்பு. அதற்கு முன்னும் பின்னும் லேத்தின் ஒவ்வொரு இரும்புச் சுருளும் ஊசிமுனையாய் நின்றது. அண்ணன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த வாரம் அந்த நெகட்டிவை எடுத்துக்கொண்டு தனியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். பட்டறைக்காரர் வாசலில் நின்று வெயிலுக்கு எதிரே பிடித்துத் தன் முகத்தைத் தேடினார். கறுத்த முகம், வெளுத்த தலைமுடி, கறுத்த பல். "நான்தானா?" என்று சிரித்தார். பிறகு பழக்கதோஷத்தில் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் எவ்வளவு இருக்கணும் என்று கேட்டார். நெகட்டிவில் 4.74 மில்லிமீட்டர் என்றேன். இருபது துளை எண்ணி அளந்தார்.

"94.80 வரணும். 94.60தான் வருது. சுருங்கியிருக்கே."

பழைய ஃபிலிம் அப்படித்தான், காலம் போகப்போக உலர்ந்து சுருங்கும், அதனால்தான் பழைய படங்களை மெஷினில் ஓட்டும்போது பல் துளையில் சரியாக உட்காராமல் கிழிந்துவிடுகிறது என்றேன்.

அவர் ஃபிலிமை இன்னொரு தடவை வெயிலில் பிடித்துத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ஏத்தாப்பல பல்லைக் குறைச்சுப் புதுசா ஒரு சக்கரம் கடைஞ்சா ஓடுமில்ல? சாம்பிள் ஒண்ணு கொண்டா, பார்ப்போம்."