அலை இல்லாத இடம்

2025-ல ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையா வந்துச்சு. பேங்க் ஆளுங்களுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? (ஜனவரியிலேயே காலண்டர்ல வட்டம் போட்டாச்சு!) குடும்பத்தோட சென்னை கிளம்பிட்டோம்.

போய் இறங்கினதுமே பையன் ஆரம்பிச்சுட்டான். "அப்பா, கோவளத்துல சர்ஃபிங் கத்துக்கணும்." அந்த வாரம்தான் மாமல்லபுரத்துல ஆசிய சர்ஃபிங் போட்டி முடிஞ்சு, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியிருந்தார். அந்தப் போட்டியில ஒரு இந்தியருக்குத் தனியாக் கிடைச்ச முதல் பதக்கம். பையன் மாதுங்காவுல உக்காந்து அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பாத்துட்டிருந்தான்.

நான் முடியாதுன்னுட்டேன். ஏன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். பேசத்தான் மாட்டோம்.

1999 ஜூலை. பி.காம். முடிச்சுட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்க செம்பூர்ல சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை சித்தப்பா பையன் ஜுஹூ கூட்டிட்டுப் போனான். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன், நல்லா நீந்துவான். அலை ஆளுயரத்துக்கு அடிச்சுட்டிருந்துச்சு. நடுவுல ஒரு இடம் மட்டும் அலையே இல்லாம சாதுவா இருந்தது. "அங்க இறங்குடா"ன்னு கை காட்டினது நான்தான். மறுநாள்தான் கிடைச்சான்.

சரி, கோவளத்துக்கு வருவோம் (கேரளா கோவளம் இல்லைங்க, ஈ.சி.ஆர். கோவளம்). மூர்த்தி மேகவன்னு ஒரு மீனவர் ஜன்னல் கதவுப் பலகையில அலை ஏறிப் பழகின ஊர். இப்ப அங்க மீனவப் பசங்களே ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றாங்க. தங்கமணி தீர்ப்பு சொல்லிட்டா: "உங்க பயத்தை அவன் தலையில கட்டாதீங்க."

காலையில ஆறு மணி. மேற்கேருந்து கரைக்காத்து. அது எதிர்த்து அடிக்கிறதால அலை சட்டுனு கவுந்துடாம நின்னு நிதானமா உடையும். மத்தியானம் கடல்காத்து வந்துட்டா எல்லாம் கலைஞ்சுடுமாம். மே முதல் செப்டம்பர் வரைக்கும் தெற்கே எங்கேயோ நடுக்கடல்ல கிளம்பின அலை அங்க வந்து சேருது. நம்ம மும்பையில அதே மாசங்கள்ல பருவக்காத்து கடலையே புரட்டிப் போடும். போதாக்குறைக்கு ஓதம் வேற. சென்னையில ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். இங்க நாலரை மீட்டரைத் தாண்டுற நாள்களை மாநகராட்சியே பட்டியல் போட்டு எச்சரிக்குது.

சொல்லிக் கொடுக்கிற தம்பி எங்களை உடனே தண்ணியில விடலை. கால் மணி நேரம் மணல்ல உக்கார வெச்சார். "சார், எங்க இறங்கலாம் சொல்லுங்க?"

நான் கை காட்டினேன். அதே மாதிரி ஒரு இடம். ரெண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவுல அமைதியா ஒரு சந்து.

"அங்கதான் சார் ஆளை இழுக்கும்."

அலை கரைக்குக் கொண்டு வர்ற தண்ணி திரும்பிப் போயாகணுமே. அஞ்சு கவுண்டர்ல வர்ற பணம் ஒரே கவுண்டர்ல வெளிய போனா எப்படி இருக்கும்? அந்தப் பள்ளத்துல அப்படித்தான் கூடி ஓடுது. ஆழம் இருக்கிறதால அங்க அலை உடையறதில்லை. வேகம் பிடிச்சா நொடிக்கு ரெண்டு மீட்டர் வரைக்கும் போகும், எதிர்த்து நீந்த எவனாலயும் ஆகாது. கரையைப் பார்த்து நீந்தாம, கரையை ஒட்டினாப்பல பக்கவாட்டுல நீந்தி நுரைக்குள்ள வந்துடணும். முடியலையா, மிதந்துக்கிட்டு கை தூக்கணும். அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் இது எனக்குத் தெரியாது.

பையன் இடுப்பளவு நுரையில பதினெட்டு தடவை விழுந்தான் (எண்ணினேன்). ஒரு தடவை நின்னான்.

அடுத்த ஞாயிறு செம்பூர் போனப்ப தாத்தாகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சான், அந்தச் சந்து உட்பட. சித்தப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு என்னைப் பாத்தார். "ஜுஹூலயும் அப்படித்தானா?"

ஆமான்னேன். அந்த இடத்தைக் காட்டினது நான்தான்னும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் உள்ள பாத்து, "இவனுக்கு இன்னொரு காப்பி கொடு"ன்னார்.