மலையேறும் பிள்ளைகளும் காத்திருக்கும் பெற்றோரும்

நமது முத்தாபுதுப்பேட்டைச் சுற்றுப்புறத்தில் மலையென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஏரிகளும், சமவெளியும், விமானப்படைத் தளத்தின் நீண்ட மதிற்சுவருமே நம் கண்ணுக்குத் தெரிவன. ஆயினும் நமது பங்கின் இளைஞர் சிலர் தங்கள் கல்லூரியின் மலையேற்றக் குழுவிற் சேர்ந்து, சென்ற கல்வியாண்டு முழுவதும் துணையாக வருமாறு நம்மை அழைத்தனர். ஐம்பதைக் கடந்த கால்களாயினும், நாமும் இசைந்தோம்.

முதற் பயணத்திற்கு முன் ஒரு மாணவியின் தந்தை நம்மைக் காண வந்தார். “சாமி, படிக்க அனுப்பிய பிள்ளை மலையேறி என்ன காணப்போகிறாள்? குரங்கணியை மறந்துவிட்டீர்களா?” என்றார். நியாயமான கேள்வி அது.

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றோரைச் சூழ்ந்துகொண்டது. 23 பேர் மாண்டனர்; அவருட் பலர் இளம்பெண்கள். மார்ச் மாதத்தில் மலைப்புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும். தீயோ சரிவில் இறங்குவதைவிட ஏறுவதிலேயே வேகம் மிக்கது. ஏனெனில், மேலெழும் வெப்பக்காற்று மேலேயுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுகிறது. மேடேறி ஓடும் மனிதன் அதனை வெல்லுதல் அரிது. அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களைத் தேர்ந்து, முன்பதிவும் வழிகாட்டியும் உள்ள திட்டமொன்றையும் தொடங்கியது.

“மறக்கவில்லை, மறவாதிருப்பதற்கே சில நியமங்கள் வைத்துள்ளோம்” என்று அத்தந்தையிடம் கூறினோம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டிற்குள் கால் வைப்பதில்லை. வனத்துறையின் அனுமதியின்றிப் புறப்படுவதில்லை. மெதுவாக நடப்பவரே முன்னே நடப்பார். எவரேனும் ஒருவர் “திரும்பலாம்” என்றால் அனைவரும் திரும்புவோம். அவர் மறுமொழி கூறவில்லை. ஆயினும் மகளை அனுப்பினார்.

ஆகஸ்டில் ஏலகிரியின் சுவாமிமலைக்கு ஏறினோம். மூச்சிரைப்பால் மெல்ல நடந்த அம்மாணவியே முன்னே சென்றாள். உச்சிக்கு அரைமணி நடையே எஞ்சியிருக்கையில் இடி முழங்கியது. “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று சிலர் முணுமுணுத்தனர். அவளோ நின்று, “திரும்பலாம்” என்றாள். திரும்பினோம். பாதிவழியில் மழை கொட்டிற்று. பாறைகள் எண்ணெய் பூசியவைபோல் வழுக்கின. அதன்பின் முணுமுணுப்பு எழவில்லை. ஏறத் துணிதல் இளமைக்கு இயல்பு. இறங்கத் துணிதல் கற்றறிய வேண்டிய கல்வியன்றோ?

ஜனவரியில் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பூண்டியை அடுத்த குடியம் குகைக்கு, முட்புதர்க் காட்டினூடே நடந்தோம். கூழாங்கற்கள் பதிந்த பெரும்பாறையின் கீழ் ஆதிமனிதர் ஒதுங்கிய இடம் அது. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்திற் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். பாறையில் தொங்கும் தேனடைகளுக்கு அஞ்சி, அங்கே அனைவரும் வாய்பொத்தி நின்றோம். கைப்பேசியின்றி ஒருமணி நேரம் மௌனமாயிருக்க நம் பிள்ளைகளால் இயலும் என்பதை அன்று கண்டோம்.

அப்பயணத்திற்கு முன்னும் அத்தந்தை வந்தார். இம்முறை அவர் கேட்டவை வேறு: “அனுமதிக் கடிதம் வந்துவிட்டதா? வழிகாட்டி யார்? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?”

பெற்றோரே, “போகாதே” என்று தடுப்பது எளிது; “போய் வா” என்று பொறுப்பின்றி அனுப்புவதும் எளிது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, இத்தகைய கேள்விகளைக் கேட்டு, விடை பெற்றபின் அனுப்புவதே அன்பு. அவ்வாறு கேட்கப்பட்டு வளரும் பிள்ளை, நாம் அருகிலில்லாத மலையிலும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும்.