அவள், அவர்

முதுகலை வகுப்பில் ஒருநாள் பேச்சு விக்டோரியா காலத்து இங்கிலாந்துப் பக்கம் போனது. மாணவிகள் தொடர்களில் பார்த்த நீள அங்கிகள், நடன விருந்துகள், வெள்ளித் தட்டில் வரும் தேநீர். "அப்போ பொறந்திருக்கணும் மேடம்" என்றாள் ஒருத்தி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் 'ஜேன் ஐயர்' படித்தபோது நானும் என்னை ஜேனாகத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் கரி சுமந்தவளாக ஒருநாளும் நினைத்ததில்லை. இத்தனைக்கும் என் அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்கவைத்தவர்.

கரி சுமந்தவர்களில் ஒருவர் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். ஹன்னா கல்விக். 1833இல் ஷிராப்ஷயரில் பிறந்தவர். எட்டு வயதில் பள்ளி முடிந்து வேலை தொடங்கிவிட்டது. பதினான்கு வயதில் தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தார்கள். சில மைல் தொலைவிலிருந்த ஊருக்குப் போய் உடன்பிறந்தவர்களைப் பார்த்துவர எஜமானி விடவில்லை.

ஹன்னாவின் ஒரு நாள் இது. விடியுமுன் சன்னல் கதவுகளைத் திறந்து, அடுப்புச் சாம்பலை அள்ளி, தீ மூட்டவேண்டும். வீட்டாரின் காலணிகளைத் துடைக்கவேண்டும். மண்டியிட்டு வாசற்படியைத் தேய்க்கவேண்டும். மாடிக்கு வெந்நீர் ஏறும், மாடியிலிருந்து மூத்திரச் சட்டி இறங்கும். இரண்டையும் சுமப்பது ஒரே கை. பெரிய மாளிகையில் இந்த வேலைகளைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். சிறிய வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெண். கணக்கரோ கடைக்காரரோ, நடுத்தர வர்க்கம் என்று தம்மைச் சொல்லிக்கொள்ள ஒரு வேலைக்காரியாவது வீட்டில் இருக்கவேண்டும். வீட்டு எஜமானியின் வெள்ளைக் கைகள் அந்த இன்னொரு பெண்ணின் கறுத்த கைகளால் வந்தவை. 1861இல் வெளிவந்த இசபெல்லா பீட்டனின் குடும்ப நிர்வாக நூல் இந்தத் தனி வேலைக்காரிக்காகப் பரிதாபப்படுகிறது. அவளுக்கு ஆண்டுக்கு 9 முதல் 14 பவுண்டு கொடுக்கலாம் என்றும் சொல்கிறது.

ஹன்னா தானாக எழுத உட்காரவில்லை. எழுதச் சொன்னவர் ஆர்தர் மன்பி, வழக்கறிஞருக்குப் படித்தவர், கவிஞர். உழைக்கும் பெண்களின் அழுக்கும் உடல்வலிமையும் அவரை ஈர்த்தன. ஹன்னாவைக் கரிபடிந்த கோலத்தில் புகைப்படம் எடுக்கவைத்தார். 1873இல் இருவரும் ரகசியமாக மணந்துகொண்டார்கள். ஆனால் ஹன்னா 'சீமாட்டி'யாக வாழ விரும்பவில்லை. விருந்தினர் முன் கணவனுக்கே வேலைக்காரியாக நின்றார். அது அடிமைப்பட்ட மனமா, தன் உழைப்பின்மீது கொண்ட பெருமையா? பலமுறை படித்தும் எனக்கு ஒரே விடை கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே உடலில் இருக்க முடியும் என்பதை மட்டும் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அம்மா தேய்த்த பாத்திரத்தில் முகம் தெரியும். அதைச் சொல்லும்போது அவர் தலை நிமிரும். அந்த வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போவார்.

மன்பி தம் காகிதங்களைக் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்கு விட்டுச்சென்றார். 1950வரை அவற்றைத் திறக்கக்கூடாது என்பது ஏற்பாடு. ஹன்னாவின் எழுத்து பிழைத்ததும் ஒரு கனவானின் பெட்டிக்குள் இருந்ததால்தான். அப்படி யாரும் கேட்காததால் எழுதாமலே போன பெண்கள் எத்தனை லட்சம்!

இந்தக் கட்டுரைக்காக எடுத்த குறிப்புகளைப் புரட்டியபோது கை நின்றுவிட்டது. பக்கம் முழுக்க மன்பி 'அவர்'. ஹன்னா 'அவள்'. ஆங்கிலத்தில் இல்லாத வேறுபாட்டை என் தமிழ் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. முனைவர் பட்டம் பெற்ற தமிழ். அம்மாவை அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூட "வா, போ" என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவளின் தமிழ்.

இரவு அம்மாவிடம் ஹன்னாவைப் பற்றிச் சொன்னேன். முதலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். பிறகு, "ஆயி அப்பன் செத்ததுக்குக்கூட விடலையா?" என்றார். வெகுநேரம் வேறெதுவும் பேசவில்லை.

குறிப்பேட்டில் ஒவ்வொரு 'ள்'ளையும் அடித்து 'ர்' போட்டு முடிக்க அரைமணி நேரம் ஆனது.