சாம்பி தின்ற குருவி... தப்பு யார் மேல?

யானைக்கவுனியில் இன்று யானையும் இல்லை, கவுனியும் இல்லை. பூனைகள் மட்டும் நிறைய உண்டு. பக்கத்திலேயே சௌகார்பேட்டை. அங்கே இருக்கும் பருப்பு, தானிய மூட்டைகளைத் தேடி எலிகள் வரும், எலிகளைத் தேடிப் பூனைகள் வரும். அதே தானியத்துக்குச் சிட்டுக்குருவிகளும் வரும். வால்டாக்ஸ் சாலை இரைச்சலைத் தாண்டி, எங்கள் வீட்டு மாடிப்படி வரைக்கும் இரண்டும் வந்துவிடும்.

எங்கள் மாடிப்படிப் பூனைக்குச் சாம்பி என்று பெயர். சாம்பல் நிறம், அதனால் சாம்பி. பகலில் நாலு வீட்டுக்குப் பொது. ராத்திரி எங்கள் படியில்தான் தூக்கம். ஆயா தினமும் தயிர்சோறு வைப்பார். காசிமேட்டு மீன் வாங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தலையெல்லாம் அதற்குத்தான். அது மீன் சாப்பிடுவதை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுவது என் வேலை.

எட்டாம் வகுப்பு படிக்கும் தம்பி, போன வருஷம் ஒரு மரப்பெட்டிக் கூட்டோடு வந்தான். வட சென்னைப் பள்ளிகளில் இந்தக் கூடு செய்யும் ஆர்வம் இப்போது அதிகம். 'கூடுகள்' அறக்கட்டளை மாணவர்களை வைத்து நான்கு ஆண்டுகளில் 10,000 கூடுகள் செய்ததை, 2024 நவம்பரில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமரே சொன்னார். தம்பியும் மாடிப்படி ஓரம், மீட்டர் போர்டுக்கு மேலே ஆணி அடித்துப் பெட்டியை மாட்டினான். மூன்றாவது வாரம் ஒரு ஜோடி வந்தது. வைக்கோல், நூல், கோழி இறகு எல்லாம் உள்ளே போனது. கொஞ்ச நாளில் 'கீச் கீச்' சத்தம். அதையும் ரீல்ஸ் போட்டேன். சாம்பியைவிட அதிக லைக்ஸ்!

ஒருநாள் நைட் ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வீட்டுக்கு வந்தேன். படியில் இறகுகள் சிதறிக் கிடந்தன. பக்கத்திலேயே சாம்பி உட்கார்ந்து, எதுவும் நடக்காத மாதிரி முகம் துடைத்துக்கொண்டிருந்தது. செத்தது தாய்க்குருவி. ஆண் குருவி மட்டும் ரெண்டு நாள் இரை கொண்டுவந்தது. மூன்றாம் நாள் பெட்டிக்குள் சத்தமே இல்லை.

தம்பி அன்று சாப்பிடவில்லை. "அக்கா, அத எங்கயாவது கொண்டுபோய் விட்டுடலாம்க்கா" என்று அழுதான். பக்கத்து போர்ஷன் அண்ணன் ஒரு கோணிப்பையோடு வந்தார். "காசிமேட்டுல விட்டுட்டா மீன் தின்னு பொழச்சுக்கும்மா" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் சாம்பியைத் தூக்க, பையின் வாயை விரித்துப் பிடித்தது நான்தான்.

ஆயா சமையற்கட்டிலிருந்து வந்து பையைப் பிடுங்கினார். "அதுக்கு வேட்டைதான் தெரியும். உனக்குமா தெரியல? கூட்டுக்குக் கீழ தட்டு வெச்சது யாரு?"

வைத்தது நான்தான். அந்த இடத்தில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும், வீடியோ எடுக்க வசதி. அங்கே சாப்பிட்டுப் பழகிய பூனை, கைப்பிடிச் சுவர் மேல் ஏறினால் ஒரே தாவலில் பெட்டியை எட்டிவிடும். எனக்கு அது உறைக்கவே இல்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் வருஷத்துக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதற்காகப் பூனையைப் பிடித்து வேறு ஏரியாவில் விடுவதும் தீர்வு இல்லை. பழகாத இடத்தில் மற்ற பூனைகள் அதை விரட்டும், பழைய வீட்டைத் தேடிச் சாலையில் இறங்கும். பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாங்கள் செய்யப்போனது கிட்டத்தட்ட அதைத்தான்.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம்பிக்கை தந்தது. இறைச்சி அதிகமுள்ள உணவு கொடுத்தபோது, பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவிகிதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிஷம் அதோடு விளையாடியதில் 25 சதவிகிதம் குறைந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்போமே... அந்த ஆய்வில், மணி கட்டியும் பெரிய பலன் தெரியவில்லை!

சாம்பிக்குத் தயிர்சோறு போய், தினமும் கொஞ்சம் நெத்திலியாவது வந்தது. தட்டு வீட்டுக்குள் போனது. காய்கறிக் கூடையில் வைத்து, ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் முடிந்தது. இருட்டினால் உள்ளே வந்துவிடும், நன்றாக விடிந்தபிறகுதான் வெளியே விடுகிறோம். பெட்டியைத் தம்பி கழற்றி, தெருப்பக்கச் சுவரில், பிடிமானம் எதுவும் இல்லாத உயரத்தில் மாட்டினான்.

உங்கள் தெருப் பூனைக்கு நீங்களும் சோறு வைக்கலாம். பால்கனியில் குருவிக்குக் கம்பும் போடலாம். இரண்டும் நல்ல விஷயம்தான். இரண்டு தட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் விட்டதற்கு ஒரு குடும்பமே போய்விட்டது.

இந்த மார்ச்சில் பெட்டிக்கு மறுபடியும் ஒரு ஜோடி வந்திருக்கிறது. நான் வீடியோ எடுக்கவில்லை. தம்பி இன்னும் சாம்பியைத் தொடுவதில்லை. ஆனால், மீன் வாங்குகிற அன்று, "ஆயா, அதுக்குத் தலை எடுத்து வெச்சியா?" என்று கேட்பது அவன்தான்.